ஆளில்லாமல் எழ வேண்டிய சர்வர்: அல்சூர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு அல்சூரில் ஏரிக்கரையிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில் இயங்குகிறது இந்த ரத்தப் பரிசோதனைக் கூடம். காலை 6.30 மணிக்குக் கதவு திறக்கும். முதலில் வருவோரில் பெரும்பாலோர் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வரும் முதியவர்கள். பதிவு மேசையில் பெயர் ஏறியதும் பார்கோடு ஸ்டிக்கர் அச்சாகும். அதை ரத்தக் குழாயில் ஒட்டியதிலிருந்து அறிக்கை கையில் தரும் வரை எல்லாமே ஒரே சர்வரை நம்பி நடக்கிறது.

2011இல் வாங்கிய டவர் சர்வர் அது. ஒற்றை ஜியான் பிராசஸர், 8 ஜிபி நினைவகம், ரெய்ட் கார்டில் பூட்டிய இரண்டு 500 ஜிபி வட்டுகள் (ரெய்ட் 1, அதாவது இரண்டிலும் ஒரே தரவு). இயங்குதளம் உபுண்டு 18.04, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். ரத்த அணு எண்ணும் கருவியும் பயோகெமிஸ்ட்ரி கருவியும் ஆர்எஸ்-232 என்ற சீரியல் கம்பி வழியாக, யுஎஸ்பி மாற்றிகள் இரண்டின் மூலம் இதே சர்வரில் சேர்கின்றன. தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் மேலாண்மை அட்டை இதில் இல்லை. சர்வர் இருப்பது மூன்றாம் மாடிச் சரக்கறையில். சாவி இரவுக் காவலாளியிடம்.

கூடத்தை நடத்தும் டாக்டரம்மா, புதிய சர்வர் அடுத்த ஆண்டுதான் என்று முடிவெடுத்திருந்தார். அதுவரை பழையதை ஆள் தொடாமல் எழும்படி செய்து தர வேண்டும் என்பதே பராமரிப்புக் குழுவுக்கு வந்த வேலை.

நடந்தது

2022 ஏப்ரல். பெங்களூருவில் ஏப்ரல், மே மாதங்களில் மாலையிலும் இரவிலும் இடியோடு மழை கொட்டும், மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழும். அப்படியொரு இரவில் கரண்ட் போனது. யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கி அணைந்தது. விடியற்காலை நான்கு மணி வாக்கில் கரண்ட் திரும்பியது. சர்வர் திரும்பவில்லை.

காலை 6.20க்கு வந்த டெக்னீஷியன் பெண், பதிவு மேசைக் கணினியில் பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் காவலாளியிடம் போனார். "அண்ணா, மேல ரூம் சாவி குடுங்க. கரண்ட் வந்தும் சர்வர் எழுந்திருக்கல."

மேலே யுபிஎஸ்ஸே அணைந்து கிடந்தது. அதன் பொத்தானை அழுத்தி, பிறகு சர்வரின் பொத்தானையும் அழுத்தினார். திரையில் மூன்று வரிகள்: நேரம் அமைக்கப்படவில்லை, கீபோர்டு இல்லை, பின்புற விசிறி கோளாறு. தொடர எஃப்1 அழுத்தவும். கீபோர்டைப் பல மாதங்களுக்கு முன்பே கழற்றி வேறு மேசைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதை எடுத்து வந்து எஃப்1 அழுத்தியதும் ரெய்ட் கார்டின் செய்தி வந்து நின்றது. அதையும் தாண்டினால், வட்டு ஒன்று கிடைக்கவில்லை என்று சொல்லி இயங்குதளம் அவசர நிலையில் நின்றது. தொலைபேசியில் வழி கேட்டு, ஒருவழியாக சர்வர் ஓடத் தொடங்கியபோது மணி 7.50. அதற்குள் கீழே பெஞ்சு நிறைந்துவிட்டது. வெறும் வயிற்றில் வந்தவர்களைக் காக்கவைக்க முடியாது என்பதால், நோட்டில் பெயர் எழுதி, குழாயில் பேனாவால் எண் போட்டு ரத்தம் எடுத்தார்கள்.

சிக்கல் அதோடு முடியவில்லை. சர்வரின் கடிகாரம் முந்தைய இரவு பதினொரு மணியில் நின்றிருந்தது. அன்று முதலில் அச்சான அறிக்கைகளில் முந்தைய நாள் தேதி விழுந்தது. கவனித்துத் திருத்தி மறுபடி அச்சிட்டார்கள்.

முதல் முயற்சியும் அது வீணான விதமும்

அந்த வாரமே ஒருவர் வந்து பயாஸில் (சர்வர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) இரண்டு மாற்றங்கள் செய்துவிட்டுப் போனார். கரண்ட் திரும்பியதும் சர்வர் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு 'லாஸ்ட்' என்றிருந்தது. அதாவது முன்பிருந்த நிலைக்குத் திரும்பு. அதை 'ஆன்' ஆக்கினார். பிழை வந்தால் எஃப்1 கேட்டு நிற்பதை முடக்கினார். இரண்டுமே சரியான மாற்றங்கள்தான். கரண்ட் திரும்பியதும் எழுப்பும் அமைப்புக்கு நிறுவனத்துக்கு ஒரு பெயர் உண்டு: டெல் சர்வர்களில் 'ஏசி பவர் ரெக்கவரி', எச்பி புரோலையன்டில் 'ஆட்டோமேட்டிக் பவர் ஆன்', சூப்பர்மைக்ரோவில் 'ரிஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்'. வேலை எல்லாவற்றிலும் ஒன்றே.

இரண்டு வாரம் கழித்து மறுபடி நீண்ட மின்தடை. மறுபடி அதே மூன்று வரிகள், அதே எஃப்1. பயாஸைத் திறந்து பார்த்தால் இரண்டு அமைப்புகளும் பழைய நிலைக்கே போயிருந்தன.

பராமரிப்புக் குழு இதற்குப் பிறகுதான் உள்ளே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வு: கண்டவை

கூடம் மூடியிருந்த ஒரு ஞாயிறு மதியம் வேலை தொடங்கியது. தரவுத்தளத்தின் முழுப் பிரதி ஒன்றை எடுத்து, வேறொரு மடிக்கணினியில் அதை மீட்டுப் பார்த்து, அது திறக்கிறது என்று உறுதி செய்யும் வரை சர்வரை யாரும் தொடவில்லை. பதினோரு ஆண்டு ஓடிய வட்டு, ஒரு முறை நின்று சூடு ஆறிய பிறகு மறுபடி சுற்றாமல் போகலாம். இந்த வேலையில் சர்வரைப் பலமுறை அணைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, பயாஸின் ஒவ்வொரு பக்கமும் கைப்பேசியில் படம் பிடிக்கப்பட்டது. எழும் நேரம் முழுவதும் திரை வீடியோவாகப் பதிவானது. சில செய்திகள் அரை விநாடியில் ஓடி மறைகின்றன. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் அவை அகப்படும். அப்படிப் பார்த்ததில், கரண்ட் வருவதற்கும் கூடம் வேலை தொடங்குவதற்கும் நடுவே சர்வர் நிற்கக்கூடிய இடங்கள் எட்டு தெரிந்தன.

முதலாவது சர்வரே அல்ல, யுபிஎஸ். இதைச் சோதிக்க சர்வரைப் பயன்படுத்தவில்லை. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை யுபிஎஸ்ஸில் மாட்டி, சுவிட்சை அணைத்து, பேட்டரி தீர்ந்து தானாக அணையும் வரை விட்டு, பத்து நிமிடம் கழித்து சுவிட்சைப் போட்டார்கள். பல்பு எரியவில்லை. பேட்டரி முழுதாகத் தீர்ந்தால் இந்த யுபிஎஸ் பொத்தானை அழுத்தாமல் திரும்ப எழாது. பயாஸில் எதை மாற்றியிருந்தாலும் முதல் நிகழ்வில் சர்வர் எழுந்திருக்க வழியே இல்லை.

இரண்டாவது, தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி. கழற்றி மல்டிமீட்டரில் அளந்தபோது 2.4 வோல்ட். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். சுவரிலிருந்து கரண்ட் வந்துகொண்டிருக்கும் வரை, சர்வர் அணைந்திருந்தாலும், பவர் சப்ளையின் காத்திருப்பு மின்சாரம் பயாஸ் நினைவையும் கடிகாரத்தையும் காக்கும். யுபிஎஸ்ஸும் தீர்ந்த பிறகு இந்த நாணயம் ஒன்றே துணை. அது செத்திருந்ததால் ஒவ்வொரு நீண்ட மின்தடையிலும் அமைப்புகள் அழிந்தன, கடிகாரமும் நின்றது. முதல் முயற்சி வீணானது இதனால்தான். இயங்குதளம் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கியதால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போகவில்லை, முந்தைய இரவிலேயே நின்றது. பல ஆண்டு பின்னால் போயிருந்தால் யாரும் உடனே கவனித்திருப்பார்கள். ஒரு நாள் பிழை கண்ணில் படாது. அறிக்கைக்கு அதுவே அதிக ஆபத்து.

அமைப்புகள் அழிந்ததன் பின்விளைவு மூன்றாவது இடம். எழும் வரிசையில் நெட்வொர்க்கும் யுஎஸ்பியும் ரெய்ட் வட்டுக்கு முன்னால் வந்திருந்தன. நெட்வொர்க்கில் தேடி ஒரு நிமிடம் வீணாயிற்று. காப்புப் பிரதிக்காகச் செருகிய யுஎஸ்பி வட்டு இருக்கும் நாளில், இயங்குதளம் கிடைக்கவில்லை என்று சொல்லி அங்கேயே நிற்கவும் வாய்ப்பிருந்தது.

நான்காவது, எஃப்1 நிறுத்தம். ஐந்தாவது, ரெய்ட் கார்டு. எழுதும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத்துக்கு இந்தக் கார்டில் தனி லித்தியம் பேட்டரி இருக்கிறது. மூடியைத் திறந்தபோது அது லேசாக உப்பியிருந்தது. பேட்டரி இல்லை அல்லது கெட்டுவிட்டது என்று கார்டு ஒவ்வொரு முறையும் சொல்லி, ஒரு விசை அழுத்தும் வரை காத்திருந்தது. இது பயாஸின் எஃப்1 அமைப்புக்குக் கட்டுப்படாது, கார்டின் சொந்த மென்பொருள் கேட்பது. எஃப்1ஐ முடக்கியும் சர்வர் நிற்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருப்பார்கள்.

ஆறாவது, காப்பு வட்டு. யுஎஸ்பி வட்டை எழும்போதே இணைக்கும்படி எஃப்எஸ்டேப் கோப்பில் வெறும் வரி ஒன்று இருந்தது. கணக்கர் அந்த வட்டை இரவில் வீட்டுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். நல்ல வழக்கம், மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வட்டு இல்லாதபோது, உபுண்டுவில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்து, பிறகு அவசர நிலைக்குப் போகிறது.

ஏழாவது, ஆய்வக மென்பொருள். திடீர் மின்தடைக்குப் பிறகு போஸ்ட்கிரெஸ் தன் பதிவேட்டைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். மென்பொருள் அதற்குள் கதவைத் தட்டி, பதில் வராமல் விழுந்துவிடுகிறது. மறுதொடக்கம் செய்யச் சொல்லி ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். இடைவெளி குறிப்பிடவில்லை. குறிப்பிடாவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லிவிநாடிக்கு ஒரு முறை முயன்று, பத்து விநாடிக்குள் ஐந்து முறை தோற்றதும் கைவிட்டுவிடும். ஐந்து முயற்சியும் ஒரு விநாடிக்குள் தீர்ந்துபோயின.

எட்டாவது, எல்லாவற்றிலும் அபாயமானது: யுஎஸ்பி மாற்றிகளின் பெயர். எழும்போது எது முதலில் கண்டறியப்படுகிறதோ அதற்கு 0, அடுத்ததற்கு 1. வரிசை சில நேரம் மாறும். ஒரு முறை எழுப்பியபோது ரத்த அணு எண்ணும் கருவியின் வரியில் பயோகெமிஸ்ட்ரி கருவி வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு கருவிகளும் அனுப்பும் வடிவம் வேறு என்பதால் முடிவுகள் ஏறவில்லை, பிழை மட்டுமே வந்தது. வடிவம் ஒன்றாயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தே இந்த இடத்துக்கு அதிக நேரம் ஒதுக்கப்பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எஃப்1 கேட்டு நிற்பது தொல்லையாகத் தெரிந்தாலும் அது ஓர் எச்சரிக்கை. இந்தச் சர்வரில் அது சொன்ன ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தது. கடிகாரம் போயிருந்தது, விசிறி சுற்றவில்லை, ரெய்ட் பேட்டரி உப்பியிருந்தது. ஆகவே குழு வைத்துக்கொண்ட ஒழுங்கு இது: எச்சரிக்கை சொல்வதை முதலில் சரிசெய்வது, அதன் பிறகே எச்சரிக்கையை நிறுத்துவது, நிறுத்திய எச்சரிக்கை வேறு வழியில் யாரையாவது சென்றடையச் செய்வது.

நாணய பேட்டரியும் விசிறியும் பெங்களூருவின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் வாங்கப்பட்டன. நாணயத்துக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. விசிறியில்தான் சிக்கல். அளவு பொருந்தினாலும், சுழற்சியை அளந்து சொல்லும் கம்பி இல்லாத விசிறியை மாட்டினால் தாய்ப்பலகை அதைக் கெட்டுப்போனதாகவே எண்ணும். பழையதன் இணைப்பானையும் கையில் கொண்டுபோய், ஒப்பிட்டு வாங்க வேண்டியிருந்தது. மூடியைத் திறந்து மூடியதும் "மூடி திறக்கப்பட்டது" என்ற புதிய எச்சரிக்கை வந்து எஃப்1 கேட்டது. பயாஸில் அந்த உணரியின் நிலையை அழித்த பிறகே அது போயிற்று. பழுது பார்த்துவிட்டு ஒரு முறைகூட எழுப்பிப் பார்க்காமல் கிளம்புபவர்கள் இந்தச் செய்தியை மறுநாள் காலைக்கு விட்டுச் செல்கிறார்கள்.

இதற்குப் பிறகே பயாஸ் அமைப்புகள் மாற்றப்பட்டன. கரண்ட் திரும்பியதும் 'ஆன்'. எஃப்1 நிறுத்தம் முடக்கம். எழும் வரிசையில் ரெய்ட் வட்டு மட்டும். நெட்வொர்க்கும் யுஎஸ்பியும் நீக்கம். இந்த பயாஸில் தினமும் குறித்த நேரத்தில் எழுப்பும் வசதி இருந்ததால் காலை 5.30 என்று வைக்கப்பட்டது. மற்ற எல்லாம் தவறினாலும் கதவு திறக்க ஒரு மணி நேரம் முன்பு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும்.

'லாஸ்ட்' ஏன் கூடாது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். யுபிஎஸ் மென்பொருள் சர்வரை ஒழுங்காக அணைத்துவிட்டால், கடைசி நிலை 'அணைந்தது' என்று பதிவாகும். கரண்ட் திரும்பும்போது சர்வர் அதையே மதித்து அணைந்தே இருக்கும். ஒழுங்காக அணைக்கும் ஏற்பாடு இருக்கும் இடத்தில் 'லாஸ்ட்' எதிரி.

மேலாண்மைச் சில்லு உள்ள சர்வர் என்றால் இதே கொள்கையை இயங்குதளத்திலிருந்தே ஐபிஎம்ஐடூல் கட்டளையால் வைக்கலாம். அது நாணய பேட்டரியை நம்பாத நினைவில் தங்கும். இங்கே அந்த வசதி இல்லை.

ரெய்ட் பேட்டரியை மாற்றுவதா, விடுவதா என்று விவாதம் நடந்தது. இவ்வளவு பழைய கார்டுக்குப் 'புதியது' என்று விற்கப்படுபவை பல ஆண்டு அலமாரியில் கிடந்த சரக்காக இருக்கக்கூடும். இந்தக் கூடத்தின் வேலைப்பளுவுக்கு எழுத்து வேகம் பெரிய தேவையும் அல்ல. எனவே பேட்டரியைக் கழற்றி மின்கழிவுக்கு அனுப்பிவிட்டு, கார்டை 'ரைட் த்ரூ' முறையில் நிரந்தரமாக வைத்தார்கள். தரவு வட்டில் விழுந்த பிறகே எழுதியாயிற்று என்று கார்டு சொல்லும். பேட்டரி எச்சரிக்கைத் திரையில் டி விசையை அழுத்தி அதை நிறுத்தினார்கள். நினைவகத்தில் விழுந்ததுமே எழுதியாயிற்று என்று சொல்லும் 'ரைட் பேக்' முறையைப் பேட்டரி இல்லாமலே கட்டாயப்படுத்தும் வழியும் அந்தக் கார்டில் உண்டு. வேகம் கிடைக்கும். ஆனால் மின்தடை நேரத்தில் நினைவகத்தில் இருந்த பரிசோதனை முடிவுகள் போய்விடும். அது ஏற்கப்படவில்லை.

காப்பு வட்டின் வரியில், வட்டு இல்லாவிட்டாலும் நிற்காமல் எழு என்று சொல்லும் 'நோஃபெயில்' சேர்த்து, காத்திருப்பை 10 விநாடியாகக் குறைத்தார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. வட்டு இணையாத நாளில் காப்பு நிரல் அந்த வெற்று அடைவிலேயே எழுதத் தொடங்கி, சர்வரின் சொந்த வட்டை நிரப்பிவிடும். ஆகவே நிரலின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயின்ட் கட்டளையால் வட்டு உண்மையில் இணைந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் எழுதாமல் மின்னஞ்சல் அனுப்பும்படி மாற்றப்பட்டது.

ஆய்வக மென்பொருளுக்கு, போஸ்ட்கிரெஸ்ஸுக்குப் பிறகு தொடங்கு என்ற வரிசையும், விழுந்தால் 10 விநாடி விட்டு மறுபடி முயலும் ஏற்பாடும் எழுதப்பட்டன. வரிசை மட்டும் போதாது; அது தொடங்கும் முறையைச் சொல்கிறதே தவிர, மென்பொருள் எதிர்பார்க்கும் நிலையில் தரவுத்தளம் இருக்கும் என்று உறுதி தருவதில்லை. இடைவெளி 10 விநாடி ஆனதால் பத்து விநாடிக்கு ஐந்து முறை என்ற எல்லையையும் அது தொடாது. நேரம் இணையத்தோடு ஒத்துப்போகும் வரை அறிக்கை அச்சிடும் சேவை தொடங்காமல் காத்திருக்கும்படியும் செய்யப்பட்டது.

மாற்றிகள் இரண்டும் மலிவு வகை. தனி வரிசை எண் இல்லை. எனவே அவற்றின் அடையாளத்தை வைத்துப் பெயர் கொடுக்க முடியவில்லை. எந்த யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து, கருவிகளுக்குப் பெயரிடும் யுடெவ் விதியால் நிலையான பெயர்கள் கொடுக்கப்பட்டன. துளைகளுக்கு மேல் சிவப்பு, நீல வண்ண நாடா. கம்பியிலும் அதே வண்ணம்.

ஓர் இடத்தில் சர்வர் நிற்பது அப்படியே விடப்பட்டது. கோப்பு முறைமையில் சிறு பழுதுகளை இயங்குதளம் தானே சரிசெய்யும். பெரிய பழுது என்றால் ஆள் கேட்டு நிற்கும். எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று தானே பதில் சொல்லி ஓடும்படி வைக்கலாம். நோயாளியின் அறிக்கை இருக்கும் வட்டில் அதைச் செய்யக் குழு மறுத்தது. டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டார்.

எதை எழுப்புவது என்று பட்டியல் காட்டும் கிரப் திரையைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. எழும் நடுவே கரண்ட் போனால், அடுத்த முறை உபுண்டு 18.04 பட்டியலைக் காட்டி 30 விநாடி காத்திருந்து தானே போய்விடும். அதை 5 ஆக்கினார்கள். 12.04 போன்ற பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே அது ஆள் வரும் வரை காலவரையின்றி நிற்கும்.

யுபிஎஸ்

பழைய யுபிஎஸ்ஸுக்குப் பதில், பேட்டரி தீர்ந்து அணைந்தாலும் கரண்ட் வந்ததும் தானே எழும் 1 கேவிஏ யுபிஎஸ் ஒன்று வாங்கப்பட்டது. கடையிலேயே பல்பு வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே பணம் கொடுத்தார்கள். யுஎஸ்பி கம்பியில் சர்வரோடு இணைத்து, யுபிஎஸ்ஸைக் கவனித்து சர்வரை ஒழுங்காக அணைக்கும் மென்பொருளான நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ், சுருக்கமாக 'நட்', நிறுவப்பட்டது.

பேட்டரி தீரும் தறுவாயில் அணை என்று வைக்காமல், பேட்டரியில் 8 நிமிடம் ஓடியதும் அணை என்று வைத்தார்கள். மழைக்காலத்தில் கரண்ட் ஒரே இரவில் மூன்று நான்கு முறை போய் வரும். யுபிஎஸ் பேட்டரி முழுதாக ஏற பல மணி நேரம் பிடிக்கும். முதல் தடையிலேயே எல்லாவற்றையும் செலவழித்தால் இரண்டாவது தடையில் சர்வர் எழும் நடுவே விழும். இதே காரணத்துக்காக, பேட்டரி 40 சதவீதம் ஏறிய பிறகே வெளியே மின்சாரம் கொடு என்ற அமைப்பும் யுபிஎஸ்ஸில் வைக்கப்பட்டது. எல்லா யுபிஎஸ்ஸும் இதை ஏற்காது. இது ஏற்றது. கீழே இருக்கும் நெட்வொர்க் சுவிட்சும் ரூட்டரும் தனிச் சிறு யுபிஎஸ் ஒன்றில் சேர்ந்தன.

சோதனைகள்

திரையையும் கீபோர்டையும் கழற்றிவிட்டு ஐந்து சோதனைகள் நடந்தன. கரண்டை நிறுத்த பிளக்கைப் பிடுங்காமல் சுவிட்சை அணைத்தார்கள். பிடுங்கினால் எர்த் இணைப்பும் போய்விடும்.

ஒரு நிமிடத் தடை: சர்வர் அசையவில்லை. அரை மணி நேரத் தடை: எட்டாம் நிமிடம் அணையத் தொடங்கியது, கரண்ட் வந்து பேட்டரி ஏறியதும் தானே எழுந்தது. காப்பு வட்டு இல்லாமல் எழுதல், அடுத்தடுத்து மூன்று முறை கரண்ட் போய் வருதல் இரண்டும் தேறின.

தோற்றது, சர்வர் அணைந்துகொண்டிருக்கும் நடுவே கரண்ட் திரும்பும் சோதனை. சர்வர் ஒழுங்காக அணைந்தது. அதற்குள் கரண்ட் வந்துவிட்டதால் யுபிஎஸ் வெளியீடு ஒரு நொடிகூட நிற்கவில்லை. சர்வரின் கண்ணில் கரண்ட் போகவே இல்லை, ஆகவே திரும்பி வரவும் இல்லை. 'ஆன்' என்ற அமைப்பு இருந்தும் அணைந்தே கிடந்தது.

காரணம் எட்டு நிமிட நிரலில் இருந்தது. அதில் சாதாரண 'ஷட்டவுன்' கட்டளை எழுதப்பட்டிருந்தது. அப்படி அணைத்தால், யுபிஎஸ்ஸையும் நிறுத்த வேண்டும் என்று குறிக்கும் தன் கொடிக் கோப்பை நட் எழுதாது, கடைசி நொடியில் யுபிஎஸ்ஸுக்கு 'வெளியீட்டை நிறுத்தித் திரும்பக் கொடு' என்று சொல்லாது. நட்டின் சொந்த வழியான 'யுபிஎஸ்மான் மைனஸ் சி எஃப்எஸ்டி' கட்டளையை வைத்ததும், கரண்ட் ஏற்கெனவே வந்திருந்தாலும் யுபிஎஸ் தன் வெளியீட்டை நிறுத்தி மறுபடி கொடுத்தது. நிறுத்தும் தாமதம் 20 விநாடி, கொடுக்கும் தாமதம் 60 விநாடி. இரண்டாவது எப்போதும் முதலாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இந்தச் சோதனை மூன்று முறை திரும்பச் செய்யப்பட்டது. மூன்றிலும் சர்வர் எழுந்தது.

கரண்ட் வெளியீட்டில் வந்ததிலிருந்து பதிவு மேசைத் திரை திறக்கும் வரை 3 நிமிடம் 40 விநாடி.

பின்னர்

மே மாத நடுவில் இரவு 1.40க்குப் போன கரண்ட் 4.15க்கு வந்தது. காலையில் காவலாளியிடம் யாரும் சாவி கேட்கவில்லை. முந்தைய இரவு நடந்ததை டெக்னீஷியன் பெண் மின்னஞ்சலில்தான் பார்த்தார்: பேட்டரியில் ஓடத் தொடங்கிய நேரம், அணைந்த நேரம், எழுந்த நேரம், விசிறிகளின் சுழற்சி, ரெய்ட் வட்டுகளின் நிலை. எஃப்1 திரை செய்துவந்த வேலையை இப்போது இந்த மின்னஞ்சல் செய்கிறது. எழுந்த ஒவ்வொரு முறையும், மற்ற நாட்களில் காலை ஆறு மணிக்கும் அது போகிறது. ஆறு மணிக்கு வராவிட்டால் அதுவே செய்தி.

ஆகஸ்டில் அந்த மின்னஞ்சல் முதல்முறை பயன்பட்டது. ரெய்ட் வட்டுகளில் ஒன்று விழுந்ததாகச் சொன்னது. அன்றே மாற்றினார்கள். முன்பிருந்த நிலையில், அடுத்த மின்தடையில் யாராவது எஃப்1 அழுத்தி அந்தச் செய்தியைத் தாண்டிப்போயிருக்கக்கூடும்.

ஒரு குறை தீரவில்லை. பயோகெமிஸ்ட்ரி கருவி கரண்ட் வந்ததும் தானே எழுந்தாலும், தன் திரையில் ஒரு பொத்தானை அழுத்தும் வரை காத்திருக்கிறது. அதன் மென்பொருளில் கை வைக்கும் உரிமை கூடத்துக்கு இல்லை. காலைப் பணிப் பட்டியலில் அதை முதல் வேலையாகச் சேர்த்திருக்கிறார்கள்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

யுபிஎஸ்ஸைப் பல்பு வைத்துச் சோதிப்பதே முதல் வேலையாக இருக்கும். இந்த முறை அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் பயாஸ் பக்கங்களில் போயிற்று.

ஐந்தாண்டுக்கு மேற்பட்ட எந்த சர்வரிலும் பயாஸைத் தொடுமுன் நாணய பேட்டரி மாற்றப்படும், அளந்துகூடப் பார்க்காமல். முதலில் வந்தவர் இதைச் செய்திருந்தால், இரண்டாவது நிகழ்வில் எஃப்1 நிறுத்தமாவது வந்திருக்காது.

பயாஸ் மென்பொருளைப் புதுப்பிக்கலாமா என்ற யோசனை வந்து கைவிடப்பட்டது. அதே முடிவே மறுபடியும் எடுக்கப்படும். நடுவில் கரண்ட் போனால் தாய்ப்பலகையே போய்விடும், இவ்வளவு பழையதற்கு மாற்று கிடைப்பதும் அரிது.

யுஎஸ்பி மாற்றிகளைத் தனி வரிசை எண் உள்ளவையாக வாங்குவது நல்லது. துளையை வைத்துப் பெயரிடுவது, தரை துடைக்கும்போது யாரோ கம்பியைக் கழற்றி வேறு துளையில் செருகும் வரைதான் நிற்கும். வண்ண நாடா அதைக் குறைக்கிறது, முற்றிலும் தடுப்பதில்லை.

சர்வரின் பக்கவாட்டில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பயாஸில் இருக்க வேண்டிய ஐந்து அமைப்புகள், நாணய பேட்டரி மாற்றிய தேதி, எந்த விளக்கு எரிந்தால் எதை அழுத்துவது, எதை அழுத்தக் கூடாது என்பவை தமிழிலும் கன்னடத்திலும் எழுதப்பட்டுள்ளன. பகல் காவலாளிக்குக் கன்னடம் மட்டுமே படிக்க வரும். தாளின் கடைசி வரி: ஆண்டுதோறும் மார்ச் கடைசி ஞாயிறு, கோடை மழைக்கு முன், அணையும் நடுவே கரண்டைத் திருப்பும் சோதனையை ஒரு முறை செய்ய வேண்டும்.